காற்றைப் பிடித்த தொப்பி

இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மகள், "வாங்க" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்லோடு வண்ணமீன் கடைக்காரரைப் பச்சிளங்குழந்தைகள் வார்டின் வாசலில் போன வார அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தோம். பாவம், மனிதர் இன்னும் செருப்பைக் கழற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

கழற்றி ஓரமாக வைத்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த பெண், "மோதிரம் போட்டுக்கிட்டு உள்ள போகக் கூடாதுய்யா" என்றாள்.

மோதிரம் லேசில் வரவில்லை. நுரையை வைத்துத் திருகி ஒரு வழியாகக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். அது இரண்டாம் கல்யாணத்து மோதிரம். மகள் கண்ணில் படாமல் போனதே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

மகளின் கோபமே அந்தக் கல்யாணத்தின் மேல்தான். அம்மா போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அப்பா பக்கத்துக் கடைத் தையற்காரம்மாவைப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர், நடுக்கடலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அங்கிருந்து போன் போட்டு, "மாமா, அவ திட்டினாலும் நீங்க போங்க. தனியா இருக்கா" என்று கெஞ்சியதால்தான் இவர் வந்தார்.

உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு உயிர். ஜன்னலோரப் பெட்டிக்குப் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் அவள் கை போயிருந்தது.

அவர் இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டார். காரணம், சத்தம்.

களகளவென்று தண்ணீரில் காற்று கொப்பளிக்கிற சத்தம். முப்பது வருஷம் அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கடை திறந்தார், சாப்பிட்டார், கணக்குப் போட்டார், கண் அசந்தார். கடையை மூடிய பிறகு வீட்டில் அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராமல் தவித்ததுண்டு. இப்போது ஆஸ்பத்திரியில், மருந்து வாடைக்கு நடுவில், அதே சத்தம்.

"அப்பாவா? வாங்க, வந்து பாருங்க" என்றார் பெரிய சிஸ்டர். அந்த வார்டில் நரைத்த தலை அவருக்கு மட்டும்தான். மற்ற நர்சுகள் அவரைப் பெரிய சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

பார்த்தார். பேத்தி அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள் போலிருந்தது. தலையில் ஒரு தொளதொளத்த தொப்பி. மூக்குத் துவாரங்களில் இரண்டு பொடிக் குழல்கள். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் குழாய்கள் கிளம்பி, தொப்பியில் குத்தப்பட்டு, ஒன்று காற்று வருகிற இடத்துக்கும் மற்றொன்று ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் போயின. கொப்பளித்துக்கொண்டிருந்தது அந்த பாட்டில்தான்.

"நுரையீரல் இன்னும் பக்குவமாகல. மூச்சை விட்டதும் பலூன் மாதிரி சுருங்கி ஒட்டிக்குது" என்றார் சிஸ்டர். "மறுபடி விரிக்கறதுக்குள்ள புள்ள களைச்சுப் போயிடும். அதனால மூக்கு வழியா காத்தை லேசா அழுத்தி அனுப்பிக்கிட்டே இருக்கோம். மூச்சு விடறது அவதான். நாங்க முட்டுக் குடுக்கறோம், அவ்வளவுதான். பாட்டில்ல குமிழி வந்துக்கிட்டே இருந்தா காத்து சரியா உள்ள நிக்குதுன்னு அர்த்தம்."

அவருக்கு எத்தனையோ சொல்ல வாயில் வந்தது. தொட்டிகள், பம்புகள், காற்றுக் குழாய்கள். மகளின் முதுகைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

குழந்தை தலையைத் திருப்பியது. தொப்பி நெற்றியைத் தாண்டி வழுக்கியது. குழல்கள் மூக்கைவிட்டு நழுவின.

சத்தம் நின்றது.

"நின்னுடுச்சு" என்றாள் மகள். பதறாமல்தான் சொன்னாள், ஆனாலும் அந்தக் குரல் அவரைத் தூக்கிவாரிப் போட்டது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையின் பின்னறையில், தீவன மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டு அவள் தூங்குவாள். மின்சாரம் போனால் பம்புகள் நிற்கும். ஊரே தூங்கினாலும் அவள் எழுந்துவிடுவாள். "அப்பா, சத்தம் நின்னுடுச்சு." உடனே எல்லோரும் ஆளுக்கொரு குவளையை எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அப்படி ஊற்றினால்தான் தண்ணீரில் காற்று கலக்கும், மீன் பிழைக்கும். அவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு இவள். பக்கத்துக் கடைத் தையற்காரம்மாவும் அரைகுறைத் துணியை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடி வருவாள். கை ஓய்ந்தால் சிரிப்பு வரும். மனைவி சிரிக்க ஆரம்பித்தால் குவளைத் தண்ணீர் தொட்டியில் விழாது, பக்கத்தில் நிற்பவர் மேல்தான் விழும்.

சிஸ்டர் குழல்களை மூக்கில் பொருத்தி, தொப்பியை இழுத்துவிட்டார். குமிழிகள் மறுபடி கிளம்பின. மகள் ஒரு விரலால் குழலைத் தாங்கிக்கொண்டாள். விடியற்காலையிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று சிஸ்டர் சொன்னார். சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை.

"நான் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார் அவர்.

"உங்க கை நடுங்கும்" என்றாள் மகள். திரும்பிப் பார்க்காமலே.

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

இளம் டாக்டரம்மா வந்து பார்த்தாள். மூக்கின் நடுச்சுவர் சிவந்திருப்பதைச் சின்ன விளக்கடித்துப் பார்த்தவள் முகம் சுருங்கியது. "தொப்பி பெரிசு. குழல் ஆடி ஆடி மூக்கைப் புண்ணாக்குது, காத்தும் வெளிய போயிடுது" என்றாள். "இதைவிடச் சின்ன சைஸ் நாளைக்குத்தான் வரும். பிளாஸ்திரி ஒட்டினா தோல் கூடவே வந்துடும். இன்னிக்குள்ள குழல் ஒரே இடத்துல நிக்கலைன்னா தொண்டை வழியா குழாய் விட்டு மறுபடி மெஷின்ல வைக்க வேண்டியிருக்கும்."

"முதல் ரெண்டு நாள் இருந்தாளே, அதுலயா?" மகள் கேட்டாள்.

"அதுலதான். அதுலேர்ந்து வெளிய வந்ததே பெரிசு. திரும்பப் போகாம இருந்தா நல்லது. பாக்கலாம்."

டாக்டரம்மா போனதும் சிஸ்டர் யோசனையாக நின்றார். "சைஸ் இல்லாதப்ப நாங்க தைச்சுப் போட்டிருக்கோம்மா. புது பனியன் துணி, மெத்துனு இழுபடணும். நானே தைப்பேன், இப்ப கண்ணு தெரியல. உங்களுக்கு யாராவது தைக்கறவங்க தெரியுமா?"



"தெரியும்" என்றார் அவர், மெல்ல.

மகள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைத்தெருவுல எத்தனையோ டெய்லர் இருக்காங்க" என்றாள்.

"இருக்காங்க" என்றார்.

சிஸ்டர் காயத்துக்குச் சுற்றுகிற காஜ் துணியில் ஒரு பட்டை கிழித்து, குழந்தையின் தலையைச் சுற்றிப் பிடித்து, சரியான அளவில் வெட்டி அவரிடம் கொடுத்தார். பேத்தியின் தலைச் சுற்றளவு. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நெஞ்சின் மேல் கையால் பொத்திப் பிடித்தபடியே வெளியே நடந்தார்.

கடைத்தெருவில் எத்தனையோ டெய்லர்கள் இருக்கத்தான் செய்தார்கள். முதல் கடை வாசலில் இவர் நிதானித்தது உண்மை. உள்ளே பேன்ட் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் கால்கள் நகர்ந்துவிட்டன.

தெரு முனையில் அவருடைய பழைய கடை. இப்போது செல்போன் ரிப்பேர். முன்பு தங்கமீன்கள் நீந்திய கண்ணாடிக்குப் பின்னால் போன் உறைகள் தொங்கின. அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர்கள் பலகையைச் சரியாகப் படிக்காமல், "என்ன மீன் இருக்கு? துண்டு போட்டுக் குடுப்பீங்களா?" என்று கேட்டு மனைவியிடம் மாட்டிக்கொள்வார்கள். "குடுப்போம். வீட்டுக்குப் போய் அதுங்க கண்ணைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க" என்பாள் அவள். இவர் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் கடப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பார்த்துவிட்டார்.

அடுத்த கடையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான பிறகும் அவர் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அவளுக்கும் அவர் மீன்காரர்தான். வாய்க்குப் பழகியதை மாற்ற இருவருக்குமே கூச்சம்.

"என்ன மீன்காரரே, முகம் ஏன் இப்படி இருக்கு?"

அவர் பட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கித் தன் மூடிய கைமுட்டியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தாள். முட்டியை ஒரு சுற்றுச் சுற்றியதுமே பட்டை முடிந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றாள். மெஷினில் இருந்த ஜாக்கெட்டை உருவி எறிந்துவிட்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து புது வெள்ளைப் பனியன் துணியை எடுத்தாள். கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்தாள்.

சிஸ்டர் சொன்னதை அவர் ஒப்பித்தார். நெற்றி வரைக்கும் இறங்கணும், காதை மூடணும், இரண்டு பக்கமும் குழாயைக் கட்ட ஒரு பட்டி வேணும். முதல் தொப்பி கூம்பாக வந்தது. பொம்மைக்குப் போடுவது மாதிரி இருந்தது. பிரித்தெறிந்தாள். இரண்டாவது நன்றாக வந்தது. கை சூட்டோடு அதே மாதிரி இன்னொன்றும் தைத்தாள்.

"யார் தைச்சதுன்னு கேட்டா?"

"கேக்க மாட்டா."

"கேட்டா?"

"கடைத்தெருவுல தைச்சதுன்னு சொல்றேன். பொய் இல்லையே. இந்தக் கடையும் தெருவுலதானே இருக்கு."

தையற்காரம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சியதையும் அவர் கவனித்தார். "போங்க, போங்க. நின்னு பேசறதுக்கு இதுவா நேரம்" என்று தொப்பிகளைச் சுத்தமான காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள்.

தொப்பிகளைச் சிஸ்டர் கிருமி நீக்கும் அறைக்கு அனுப்பினார். வர நேரமாகும். "இவங்களை வெளிய கூட்டிட்டுப் போய் ஏதாவது சாப்பிட வைங்க. அதுவரைக்கும் குழலை நான் பிடிச்சுக்கறேன். இவங்க விழுந்தா அதுக்கு வேற ஒரு கட்டில் தேடணும்" என்று அப்பாவையும் மகளையும் வெளியே தள்ளினார்.

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காருகிற இடம். டீயும் பன்னும் வாங்கி வந்தார். பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றாள் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து தின்பாளே, அதே மாதிரி. அப்போதெல்லாம் பன்னில் பாதி மீனுக்குப் போகும்.

"கடையை ஏன் மூடினீங்க?" என்று திடீரென்று கேட்டாள்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "தீனி போடும்போதெல்லாம் உங்கம்மா பின்னாடி நின்னுக்கிட்டு, 'போதும், அள்ளிப் போடாதீங்க'ன்னு சொல்ற மாதிரியே இருக்கும். திரும்பிப் பார்த்தா ஆள் இருக்காது. ஒரு நாள், ரெண்டு நாள்னா சரி. தினமும் எப்படித் திரும்பிப் பாக்கறது?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ பேசினாத்தானே, கப்பி."

பழைய செல்லப் பெயர் நழுவி வந்துவிட்டது. கப்பி என்றால் விரல் நகம் அளவில் இருக்கும் மீன். ஒரு இடத்தில் நிற்காது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் டம்ளரின் அடியில் கரைந்துகிடந்த பன் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டதுகூட எனக்கு ஆறிப்போச்சுப்பா" என்றாள். "தனியா எவ்வளவு நாள் இருப்பீங்க? ஆனா அம்மா போன அன்னிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துல வந்திருப்பேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்கு போன் வந்துச்சு."

"நானே இல்லம்மா. மருந்து வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா..."

"நீங்க இல்ல. அவங்க இருந்தாங்கல்ல? காலையிலேர்ந்து அம்மா பக்கத்துலயே இருந்தாங்க. போன் கையிலதானே இருந்திருக்கும்? ஏன் கூப்பிடல?"

இந்தக் கேள்வியை அவர் தையற்காரம்மாவிடம் இதுவரை கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதுண்டு. பதில் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் அப்படியே விழுங்கிவிட்டார்.

"தொப்பி வந்தாச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இருவரும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள்; மகள் மறுபடி துவாரத்துக்குள் விரலை விட்டுக் குழலைத் தாங்கிக்கொண்டாள்.

சிஸ்டர் தொப்பியை விரித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அளவு பிரமாதம். ஆனா தையல் உள்பக்கம் இருக்கே. பிஞ்சுத் தோல், அழுத்தினா தடம் விழும்." சொல்லிக்கொண்டே தொப்பியை உள்வெளியாகத் திருப்பினார். மறைந்திருந்த தையல் முழுக்க வெளியே வந்துவிட்டது.

குழந்தையின் தலையில் தொப்பி ஒட்டினாற்போல உட்கார்ந்தது. இரண்டு பக்கப் பட்டிகளிலும் குழாய்களை வைத்துக் கட்டினார். மூக்குக் குழல்களைச் சிவந்த இடத்தில் படாமல் ஒரு மயிரிழை இடம் விட்டுப் பொருத்தினார். கையை எடுத்தார்.

குமிழி வந்தது. குழந்தை தலையைத் திருப்பியது. அப்போதும் வந்தது. முகத்தைச் சுளித்துக் காலை உதைத்தது. அப்போதும் வந்தது.

மகள் மெதுவாகத் தன் விரலை வெளியே எடுத்தாள். மரத்துப்போன கையை உதறிக்கொண்டே குனிந்து குழந்தையைப் பார்த்தவள், அப்படியே நின்றாள். அவள் கண்கள் தொப்பியின் ஓரத்தில் இருந்தன. தையல் முடிகிற இடத்தில், மெஷினை நம்பாமல் கையால் குறுக்கே போட்ட இரண்டு குட்டித் தையல்கள், அவற்றின் மேல் ஒரு முடிச்சு.



"கடைத்தெருவுல தைச்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இந்த முடிச்சைப் போட்டுக்கிட்டுதான்பா நான் பள்ளிக்கூடம் முழுக்கப் போனேன். வருஷா வருஷம் பாவாடை மடிப்பைப் பிரிச்சு இறக்கிவிடுவாங்க. ஓரத்துல இதே மாதிரி முடிச்சு. கால்ல உறுத்துதுன்னு நான் அழுவேன். அம்மாதான், 'உறுத்தினாலும் பிரியாதுடி'ம்பா."

அவர் தலை குனிந்து நின்றார். இப்போது கழற்றச் சொல்வாள், இரண்டாவது தொப்பியைக் குப்பையில் போடச் சொல்வாள் என்று நினைத்தார். சிஸ்டருக்கு விவரம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஏதோ இருக்கிறதென்று புரிந்துகொண்டு, பக்கத்துப் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

மகள் துவாரத்துக்குள் கையை விட்டாள். தொப்பியின் ஓரத்தில் சுருண்டிருந்த ஒரு மடிப்பை விரல் நுனியால் நீவிவிட்டாள். கையை வெளியே எடுத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது.

குமிழிச் சத்தத்தில் அவள் தூங்கினாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் தூங்கிய அதே முகம், கொஞ்சம் கன்னம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரர் பாட்டிலையும் பார்த்தார், பேத்தியையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். மூன்றில் எதிலிருந்தும் கண்ணை எடுக்க மனசு வராமல் நின்றுகொண்டே இருந்தார்.

மாலை டாக்டரம்மா வந்தபோதுதான் மகள் விழித்தாள். டாக்டரம்மா வெகுநேரம் குழந்தையின் நெஞ்சையே பார்த்தாள். விலா இப்போது குழிந்து குழிந்து போகவில்லை. "ஆக்ஸிஜனைக் கொஞ்சம் குறைச்சிருக்கேன். தாங்கறா" என்றாள். "ராத்திரி எப்படி இருக்கான்னு பாக்கணும். ஆனா இப்போதைக்குத் தொண்டைக் குழாய் பத்தி நினைக்க வேண்டாம். தொப்பி யார் தைச்சாங்க?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அதற்குள் மகளே சொல்லிவிட்டாள். "எங்க டெய்லர் அத்தை."

டாக்டரம்மா அடுத்த பெட்டிக்கு நகர்ந்தாள். சின்ன வயதில் மகள் அப்படித்தான் கூப்பிடுவாள், டெய்லர் அத்தை. இரண்டு வருஷமாக அது 'அவங்க' ஆகிப் போயிருந்தது.

"அப்பா, அவங்களை இன்னிக்கு வரச் சொல்லுங்க."

"இன்னொரு தொப்பிக்கா?"

"அதுக்கும்" என்றாள் மகள்.

தையற்காரம்மா கடையைச் சாத்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பூட்டைப் பூட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"குழந்தை?"

"நல்லா இருக்கா. தொப்பி அசையல."

"அப்பாடா" என்று நீளமாக மூச்சு விட்டாள். "வரச் சொன்னது எதுக்குன்னு எனக்குத் தெரியும் மீன்காரரே. அவ கேக்கப்போறதும் தெரியும்."

"என்ன சொல்லப்போற?"

அவள் பூட்டைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். இருவரும் நடந்தார்கள். பழைய மீன் கடையைத் தாண்டும்போது அவள் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா கடைசியா எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க." அவருடைய முதல் மனைவியை அவள் என்றுமே அக்கா என்றுதான் சொல்வாள். "நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல."

அவர் நின்றுவிட்டார். "என்ன சொன்னா?"

"முதல்ல அவளுக்குத்தான் சொல்லணும். அவதான் இத்தனை வருஷமா அந்தக் கேள்வியைச் சுமந்துக்கிட்டு இருக்கா."

"என்மேல நம்பிக்கை இல்லாமயா சொல்லல?"

"உங்களுக்கு வலிக்கும்னுதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

வார்டு வாசலில் காவல் பெண் கையை நீட்டி மறித்தாள். "அம்மா கூட ஒருத்தர்தான் இருக்கலாம்யா. ரெண்டு பேர் போக முடியாது. யார் போறீங்க?"

கடைக்காரர் பெஞ்சைக் காட்டினார். "நான் இங்க இருக்கேன்" என்றார்.

தையற்காரம்மா கையைக் கழுவினாள். அவர் கழுவியதைவிட அதிக நேரம் கழுவினாள். உள்ளே போனாள்.

வராந்தாவுக்கும் வார்டுக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். எல்லாம் தெரியும், ஒன்றும் கேட்காது. குமிழிகள்கூடச் சத்தமில்லாமல் ஏறி ஏறி உடைந்தன.

தையற்காரம்மா பெட்டியிலிருந்து தள்ளியே நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி மட்டும் பார்த்தாள். மகள் எழுந்திருக்கவில்லை. ஏதோ கேட்டாள். சின்னக் கேள்விதான், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இருக்காது. அது என்ன கேள்வி என்று வெளியே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும்.

பதில் அப்படிச் சின்னதாக இல்லை. தையற்காரம்மா சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி சொன்னாள். மகள் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு தையற்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கை எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

கடைக்காரர் தன்னை அறியாமல் எழுந்து கண்ணாடியருகே போய்விட்டார்.

மகள் நாற்காலியைவிட்டு எழுந்தாள். தையற்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கூச்சப்பட்டுப் பின்வாங்க, விடாமல் இழுத்து, பெட்டியின் துவாரத்துக்குள் அந்தக் கையை மெதுவாக நுழைத்தாள். தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல்கள் பேத்தியின் தொப்பி மேல் படிந்தன. குழந்தை அசையவில்லை. அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரர் கண்ணாடியில் கையை வைத்தார். இரண்டு வருஷம். போதும், இது போதும் என்று நினைத்தார்.

அப்போது மகள் திரும்பி, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள்.

அவள் கோபம் அவருக்குத் தெரியும். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பார், பழகியதுதான். அவள் கண்ணில் கோபம் துளிகூட இல்லை. பெற்ற அப்பாவை, ஒன்றும் அறியாத சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல, அவ்வளவு இரக்கமாகப் பார்த்தாள்.

மனைவி கடைசியாகச் சொன்னதில் எது தனக்கு வலிக்கும், எதற்காக அந்த இரக்கம் என்றுதான் அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, அவள் வெளியே வருவதற்காகக் காத்து நின்றார். அடுத்த வாரம் வரைக்கும் மனிதர் அங்கேயே நிற்கட்டும்.